யூதாசுக்குக் கண் வைத்த நாள்

என் படுக்கையறை மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு முகக்கண்ணாடி கவிழ்ந்தபடி கிடக்கிறது. சாப்பாட்டுத் தட்டளவு வட்டம், செம்மஞ்சள் நிற பிளாஸ்டிக் விளிம்பு, பின்னால் ஒரு கொளுக்கி. ஆண்கள் சவரம் செய்வதற்குக் குளியலறையில் மாட்டுவார்களே, அந்த வகை. எந்த மலிவுக் கடையிலும் கிடைக்கும். வீடு துப்புரவாக்கும் நாட்களில் இழுப்பறையிலுள்ள மற்ற எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைப்பேன். இதன் முதுகை மட்டும் துடைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவேன். மகள் ஒருமுறை, "உடைஞ்சுபோச்சோ அம்மா?" என்று கேட்டாள். உடையவில்லை என்றேன். உடையாததுதான் அதிலுள்ள கரைச்சல் என்பதை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை.

ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு சிறிய நகரத்து மியூசியத்தில் காவல் வேலை செய்கிறேன். காவல் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு ஓர் அறையில் நிற்பது, கிட்டப் போகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது, கழிப்பறைக்கு வழி சொல்வது, இவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு தமிழர் இருந்தார். என்னைவிடப் பல வயது மூத்தவர். மெலிந்த உடம்பு, ஒழுங்காக வாரிய நரைத்த தலை. முதல் நாளே நான் அண்ணை என்று கூப்பிட்டேன், அவர் தங்கச்சி என்றார்.

ஜெர்மனியில் எந்த மூலையில் இரண்டு யாழ்ப்பாணத்தார் சந்தித்தாலும் பெயருக்கு முன்னால் ஊரைத்தான் கேட்பார்கள். ஊர் தெரிந்தால் ஒழுங்கை, ஒழுங்கை தெரிந்தால் ஆருடைய பிள்ளை, கோப்பி ஆறுவதற்குள் ஏதோ ஒரு வழியில் சொந்தமும் வந்துவிடும். அண்ணை என்னிடம் ஊர் கேட்கவில்லை. நான் கேட்டபோது, "எல்லாம் ஒரு பக்கந்தான்" என்று சொல்லிவிட்டுப் பாண் துண்டுகளுக்கு நடுவில் சம்பலை வைக்கத் தொடங்கினார். கலியாணப் பேச்சுகளில் மறைப்பார்களே, அப்படியொரு குடும்ப விஷயம் ஏதோ இருக்கிறது போல என்று நான் விட்டுவிட்டேன்.

அவரிடம் இன்னுமொரு விசித்திரம் இருந்தது. எங்கள் ஆட்களுக்குத் தலை ஒரு இடத்தில் நிற்காது. ஓம் என்றாலும் ஆடும், இல்லை என்றாலும் ஆடும், கதை கேட்டாலும் ஆடும். ஜெர்மன்காரர் அதைப் பார்த்துக் குழம்பிப்போவார்கள். அண்ணையின் தலை மட்டும் அசையாது. "ஓம்" என்று வாயால் சொல்லுவார், கழுத்து மரம் போல நிற்கும். "அண்ணை, கழுத்தைக் கஞ்சிபோட்டு மினுக்கினனீங்களோ?" என்று நான் பகிடி விடுவேன். சிரிப்பார். சிரிக்கும்போதும் கழுத்து அப்படியே இருக்கும்.

மேல்மாடியில் பழைய இத்தாலிய ஓவியங்களுக்கென்று ஓர் அறை இருக்கிறது. அங்கே நிற்க எங்களில் யாருக்கும் பெரிய விருப்பமில்லை, அங்கே தொங்குகிற ஓர் ஓவியத்தினால். இத்தாலியில் ஏதோ ஒரு தேவாலயத்தின் பீடத்துக்கு மேலே நின்ற பெரிய மரவேலைப்பாட்டின் அடிவரிசைப் பலகைகளில் அது ஒன்று. மற்றப் பலகைகள் எந்தெந்த நாட்டுச் சுவர்களில் தொங்குகின்றனவோ, எங்களிடம் வந்து சேர்ந்தது இந்த ஒன்றுதான். இரண்டு கையையும் விரித்தால் அடங்கிவிடும் நீளம். பின்னணி முழுவதும் பொன் தகடு. தோட்டத்தில் யேசுவைப் பிடிக்க வருகிறார்கள். தீப்பந்தங்களும் ஈட்டிகளும் நெருக்கியடிக்க, நடுவில் யூதாஸ் மஞ்சள் மேலங்கியோடு முத்தமிடுவதற்காக முகத்தை நீட்டுகிறான். பார்த்தவுடன் எல்லோரும் அதில் ஒன்றைத்தான் கவனிப்பார்கள். யூதாசுக்குக் கண் கிடையாது. அந்தக் காலத்தில் தேவாலயத்துக்கு வந்த சனங்கள் அவன்மேலுள்ள கோபத்தில் ஆணியாலோ பூட்டுத் திறப்பாலோ அவனுடைய கண்களைக் கீறித் தோண்டியிருக்கிறார்கள். நிறத்துக்கு அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணம் தெரியும். பின்னேர வெயில் சாய்வாக விழும்போது மற்ற முகங்கள் எல்லாம் மங்கிப்போக, அந்த இரண்டு வெள்ளைக் குழிகளும் மட்டும் வெளிச்சமாக நிற்கும். பிள்ளைகள் தாய்மாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார்கள்.

அண்ணை அந்த அறையைத்தான் கேட்டு வாங்குவார். நாங்களும் புண்ணியமாய்ப் போகட்டும் என்று விட்டுக்கொடுப்போம். "என்னெண்டு அண்ணை அதுக்குள்ளை நாள் முழுக்க நிக்கிறியள்?" என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். "கண் இல்லாதவன் ஆரையும் காட்டிக் குடுக்கேலாது, தங்கச்சி. இந்தக் கட்டிடத்திலை பயமில்லாமல் நிக்கக்கூடிய இடம் அதுதான்." அதையும் நான் பகிடி என்றே எடுத்துக்கொண்டேன்.

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு காலை எங்கள் ஊரை ராணுவம் சுற்றி வளைத்தது. எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். ஆண்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். வரிசையின் முடிவில் ஒரு கதிரை, அதில் ஒருவன், தலையிலிருந்து இடுப்புவரை சாக்கு. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவனைத் தலையாட்டி என்று சொல்வோம். அவனும் எங்கள் ஆள்தான், எங்கோ பிடித்து அடித்து உதைத்துக் கொண்டுவந்து இருத்தியிருப்பார்கள். முன்னால் வருகிற ஆளைப் பார்த்து அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைத் தனியாக எடுத்து லொறியில் ஏற்றுவார்கள். என் தமையனுக்கு அவன் தலையை ஆட்டினான். தமையன் பிறகு வரவில்லை. எந்த முகாமிலும் அவனுடைய பெயர் இருக்கவில்லை.

அம்மா அந்த மைதானத்தில் பெண்களோடு கிணற்றடியில் நின்றிருக்கிறா. அன்றிலிருந்து அவ சொல்வது ஒன்றுதான். "அவன் என்ரை பிள்ளையைப் பாக்கேல்லை. என்னைப் பாத்துக்கொண்டு தலையை ஆட்டினவன். அந்தக் கண்ணை நான் மறக்கமாட்டன்." எங்களோடு ஜெர்மனிக்கு வந்து கெல்சென்கிர்ச்சனில் குடியேறிய பிறகும் அம்மா தேடுவதை நிறுத்தவில்லை. தமிழ்க் கடையில் மரக்கறி நிறுக்கிறவர், கோயில் தேரிழுக்கிறவர், கலியாண வீட்டில் சாப்பாடு பரிமாறுகிறவர், யாராக இருந்தாலும் விரல்களைத் தன் முகத்துக்கு முன்னால் நீட்டி, அவர்களின் முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு கண்ணை மட்டும் பார்ப்பா. எத்தனை பேரிடம் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். வெட்கமாக இருக்கும், கோபமும் வரும். ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை, ஏனென்றால் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இதை ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது அண்ணையிடம் சொன்னேன். ஊரின் பெயரில் தொடங்கப் போனேன். அவர் கையை உயர்த்தி, "ஊர் வேண்டாம் தங்கச்சி, கதையைச் சொல்லுங்கோ" என்றார். சொல்லி முடிக்கும்வரை அவர் கையிலிருந்த பாண் அப்படியே இருந்தது. பிறகு அதைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார். அதற்குப் பிறகு என் முகத்தை நேரே பார்த்துக் கதைப்பதைக் குறைத்துக்கொண்டார். மனிதருக்கும் இப்படி யாரையோ பறிகொடுத்த துக்கம் இருக்கும்போல என்று நினைத்து, நான் அவருக்காக இரங்கினேன்.

சில வருடங்களுக்கு முன் அந்த ஓவியத்தைச் செப்பனிட முடிவு செய்தார்கள். பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிற ஒரு பெண்மணி எங்கள் கட்டிடத்திலேயே வேலை செய்தா, அமைதியான, எதையும் ஆறுதலாகச் சொல்லுகிற ஜெர்மன்காரி. பொன் தகட்டின் அழுக்கை எடுப்பதோடு யூதாசின் கண்களையும் மீட்கப் போவதாகச் சொன்னா. நீர்வண்ணத்தில், மயிரளவு மெல்லிய நெடுங்கோடுகளாக வரைவார்களாம். எட்டி நின்றால் கண், கிட்டப் போனால் வெறும் கோடு. பிடிக்காவிட்டால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். கீறல்களின் ஓரத்தில் பழைய நிறம் பொட்டுப்பொட்டாக எஞ்சியிருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்ததில் கருமணி இருந்த இடம் தெரிந்துவிட்டதென்றும், அது யேசுவைப் பார்க்கவில்லையென்றும் சொன்னா. வாய் யேசுவின் கன்னத்தை நோக்கிப் போக, கண்கள் படத்துக்கு வெளியே, முன்னால் நிற்கிற ஆளைப் பார்க்கின்றனவாம். அவவுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. எனக்கு அம்மா சொல்லுகிற அந்தக் கண் ஞாபகம் வந்தது.

அண்ணை நேரே அவவிடம் போனார். நானும் கூடப் போனேன், அவருடைய ஜெர்மன் நடுவில் நின்றுவிட்டால் எடுத்துக்கொடுக்கலாம் என்று. அவர் நிற்கவில்லை. எங்கள் கோயில்களில் சிலைக்குக் கண்ணைக் கடைசியாகத்தான் திறப்பார்கள் என்று விளங்கப்படுத்தினார். அதுவரைக்கும் அது கல். கண் திறந்தால் பார்க்கத் தொடங்கிவிடும். அந்த முதல் பார்வையை மனிதர் தாங்க முடியாது, அதனால் எதிரே யாரும் நிற்க மாட்டார்கள், கண்ணாடியைத்தான் காட்டுவார்கள். சில இடங்களில் கண்ணாடி வெடித்துவிடும் என்றும் சொல்வார்கள். "அது சாமிக்கு. இவனுக்குக் கண் வைத்தால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டு, முடிவு தன் கையில் இல்லை என்றா. ஆனால் கண்ணாடி காட்டுவதானால் தனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை, அதைப் பார்க்கத் தனக்கும் விருப்பம் என்றா.

ஓவியம் திரும்பி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. திங்களில் மியூசியம் பூட்டு. ஆணியடிக்க வந்த இரண்டு வேலையாட்களும் அந்தப் பெண்மணியும் நானும் அண்ணையும்தான். அண்ணை பையிலிருந்து இந்தச் செம்மஞ்சள் விளிம்புக் கண்ணாடியை எடுத்தார். வேலையாட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எதையும் கவனிக்காமல் ஓவியத்துக்கு நேரே போய் நின்று, கண்ணாடியை முகத்துக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்தார். என்னைக் கதவுப் பக்கம் ஒதுங்கி நிற்கச் சொன்னார். ஓவியத்தை மூடியிருந்த துணியை வேலையாட்கள் எடுத்தார்கள்.

நான் முதலில் யூதாசைப் பார்த்தேன். மிக நேர்த்தியான வேலை. கலங்கிப்போன, இமை வீங்கின இரண்டு கண்கள். குரூரம் எதுவும் இல்லை, அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. சுவரிலிருந்து இறங்கி வந்து உதவி கேட்கப் போகிறவன் மாதிரிப் பார்த்தான். அந்தப் பார்வை போய் விழுகிற இடத்தைத் தேடி அண்ணையின் பக்கம் திரும்பினேன். கண்ணாடி அவருடைய வாய், மூக்கு, கன்னம் எல்லாவற்றையும் மறைத்திருந்தது. அதன் விளிம்புக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை ஓவியத்தைப் பார்க்கவில்லை. ஒன்றுமில்லாத பக்கச் சுவரில் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை வருடமாக ஒவ்வொரு தமிழர் முகத்திலும் அம்மா விரலால் மறைத்துத் தேடினது எதுவென்று எனக்கு அப்போது தெரிந்தது. அந்த நேரம், நான் அறிந்த காலம் முழுவதும் அசையாமலிருந்த அந்தத் தலை மெல்லக் கீழே விழுந்து எழும்பியது. ஒருக்காத்தான். கண்ணாடி வெடிக்கவில்லை.

அறையில் வேறு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வேலையாட்கள் கை தட்டினார்கள். பெண்மணி நன்றி சொன்னா. அண்ணையும் நானும் கீழே போய் வழக்கமாகச் சாப்பிடுகிற மேசையில் இருந்தோம். வெளியே ட்ராம் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவராகவே தொடங்கினார்.

"அது வெங்காயச் சாக்கு. மூச்சு விட்டால் முகத்திலை ஈரமாய் ஒட்டும்" என்றார். "என்னைப் பிடிச்சு எத்தினை நாளோ தெரியாது, நித்திரை கொள்ள விடேல்லை. கண்ணைக் கட்டித்தான் ஏத்திக்கொண்டு போனவை. சாக்கைப் போட்ட பிறகுதான் கட்டை அவிட்டவை. எந்த ஊர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது, தங்கச்சி. செத்தாலும் ஆட்டுறேல்லை எண்டுதான் இருந்தனான். ஆக்களின்ரை முகத்தைப் பாக்கக்கூடாது எண்டு வேறை பக்கம் பாத்துக்கொண்டிருந்தன். அந்த வெயிலுக்கை நித்திரை தூக்கி தலை விழுந்திட்டுது. முன்னாலை நிண்ட பொடியனை இழுத்துக்கொண்டு போயிட்டாங்கள். அதுக்குப் பிறகும் விழுந்தது. அது தானா விழுந்ததோ நான் விழுத்தினேனோ, எனக்கே தெரியாது."

அவர் மேசையைப் பார்த்தபடி ஒன்று கேட்டார். அதைக் கேட்பதற்குத்தான் அவ்வளவையும் சொன்னார் என்று நினைக்கிறேன். "நான் பாத்துக்கொண்டிருந்தது ஒரு கிணறு. கிணத்துக்குள்ளையிருந்து ஒரு அரசங்கண்டு முளைச்சு வெளியிலை தலையை நீட்டிக்கொண்டு நிண்டது. காத்தே இல்லை, அதின்ரை இலை மட்டும் ஆடினது. உங்கடை பள்ளிக்கூடத்திலை அப்பிடி ஒரு கிணறு இருந்ததோ?"

எனக்குத் தெரியவில்லை. நான் அப்போது மிகச் சின்னவள், கிணற்றடிக்குப் போக விடமாட்டார்கள். "அம்மாவைக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன். "ஓம், கேளுங்கோ" என்றார். கழுத்து அசையவில்லை.

அன்று பின்னேரம் நான் அம்மாவிடம் போனபோது அவ கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. பக்கத்தில் இருந்து நானும் ஆய்ந்தேன். எப்படிக் கேட்டேன் என்று சரியாக ஞாபகமில்லை. அம்மாவின் கை நின்றது. "ஓம். உன்ரை தமையன்தான் அதைக் கிணத்துக்கை இறங்கி வெட்டப்போறன் எண்டு நிண்டவன். நான்தான் விடேல்லை. அந்தக் கண்டுக்குப் பக்கத்திலைதான் நான் அண்டைக்கு நிண்டனான்" என்றா. பாழ்பட்ட கிணறுகளில் அரசமரம் முளைப்பது ஒன்றும் அதிசயமில்லை, எத்தனையோ ஊரில் இருக்கும் என்று நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை. அவன் என்னைத்தான் பார்த்தான் என்று அம்மா சொன்னதும் அண்ணை பார்த்துக்கொண்டிருந்ததும் ஒரே இடம். அம்மா என்னை நேரே பார்த்து, "ஆர் சொன்னது?" என்று கேட்டா. ஒரு ஆள் என்றேன். உயிரோடு இருக்கிறானோ என்று கேட்டா. இருக்கிறார் என்றேன். அழுவா, கத்துவா, இப்போதே கூட்டிக்கொண்டு போ என்பா என்று பயந்துகொண்டிருந்தேன். அம்மா திரும்பவும் கீரையை எடுத்தா. எல்லாம் ஆய்ந்து முடிந்த பிறகு, "நித்திரை கொள்ளுறானோ எண்டு கேள்" என்றா.

அடுத்த நாள் அண்ணை வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேலையை விட்டுவிட்டதாக அலுவலகத்துக்கு அறிவித்திருந்தார். மேல்மாடி அறையில், அவர் இருக்கிற கதிரையில், இந்தக் கண்ணாடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எனக்குத்தான் வைத்தார் என்று நான் எடுத்துக்கொண்டேன். போன் எடுத்தால் அடிக்கும், யாரும் தூக்கமாட்டார்கள். பக்கத்து வுப்பர்டால் நகரில் தனியாக இருந்து அவர் இறந்துபோன செய்தி ஒரு வருடம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்றோல் அடிக்க நின்ற இடத்தில் கேட்டேன். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். யாருக்காக அழுகிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என் தமையனுக்காக நான் அப்படி அழுததில்லை, அதை நினைத்தும் அழுதேன். அம்மா கேட்கச் சொன்ன கேள்வி என்னோடேயே நின்றுவிட்டது.

அவர் இறந்ததை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. கண்ணாடியும் ஒரு பைக்குள் அலுமாரியில் கிடந்தது. போன மாரிகாலத்தில் அம்மா எங்கள் வீட்டில் வந்து நின்றபோது, பொட்டு வைக்க ஒன்றைத் தேடி அதை எடுத்துவிட்டா. நான் சமையலறையிலிருந்து வந்தபோது கட்டிலில் இருந்துகொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தா. நெற்றியில் பொட்டு இல்லை. கண்ணாடியைச் சற்று மேலே உயர்த்தி, முகத்தின் கீழ்ப்பாதி அதில் தெரியாதபடி பிடித்திருந்தா. கோயிலிலும் கடையிலும் மற்றவர்களைப் பார்ப்பது போலவே தன் கண்ணைப் பார்த்தா. "என்னம்மா?" என்றேன். திரும்பவில்லை.

"இதுதான் பிள்ளை அந்தக் கண்" என்றா. குரலில் கோபம் இல்லை. "பாவம், நித்திரை கொள்ளாத கண்."

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, ஞாபகம் முன்னுக்குப் பின்னாகப் போகிறது என்று டொக்டர் சொல்கிறார். அப்படித்தான் இருக்கும். ஆனால் அன்றைக்குப் பிறகு அவ யாருடைய கண்ணையும் பார்ப்பதில்லை. தேர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சனத்துக்கு நடுவில் நின்று சாமியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தா. அவ தேடி முடித்துவிட்டா. மேல்மாடி அறையில் இப்போது நான்தான் நிற்கிறேன், நானே கேட்டு வாங்கினது. பின்னேர வெயில் சாயும்போது கோடுகள் ஒன்றாகிக் கண்ணாகி, அவன் என்னைப் பார்க்கிறான். கிட்டப் போனால் சாக்கின் இழை போல வெறும் கோடு. யாராவது வந்து வழி கேட்டால் வாயால் சொல்லுகிறேன். தலையை ஆட்டுவதில்லை, எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. கண்ணாடியை அம்மாவின் கையிலிருந்து அன்று நான்தான் வாங்கி, என் முகம் அதில் விழாமல் திருப்பி, இந்த இழுப்பறைக்குள் வைத்தேன்.